நடு நாற்காலி

பதிவை இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு இம்தியாஸிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று கமலவேணி நினைத்துக்கொண்டாள். இதையேதான் காலையில் இட்லிக்கு முன்பும் நினைத்தாள், இட்லிக்குப் பின்பும் நினைத்தாள். இப்போது மதியச் சாப்பாடும் ஆகிவிட்டது. மாசி வெயில் பால்கனிக் கம்பிகளுக்குள் புகுந்து வந்து கூடத்துத் தரையில் கோடு கோடாகப் படுத்திருந்தது, ஒரு கோடு அவள் கால் பெருவிரலின் மேலேயே ஏறியிருந்தது, சுகமாக இருந்தது, விரலை எடுக்க மனசில்லை. பிரம்பு நாற்காலி. கூடத்துக்கு நட்டநடுவில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரிசமமான தூரத்தில், தையல்காரன் மாதிரி டேப் பிடித்து அளந்து அவள் போட்ட நாற்காலி. நாலு கால்களும் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. பெருக்க வருகிறவர்கள் கொஞ்சம் நகர்த்திவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் கச்சேரிதான். இந்த வீட்டில் சாமி படத்தைக்கூட இடம் மாற்றி மாட்டலாம், அந்த நாற்காலியைத் தொடக் கூடாது என்று திருமூர்த்தி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவர் அவளுடைய புருஷன், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று அவள் சொன்னதும் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் சுத்தியல் சத்தத்தில் நின்ற காது எனக்கு, இதெல்லாம் உனக்குத்தான் வேணி என்று முதல் நாளே சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போனவர்தான், பாட்டு ஓடும் நேரமெல்லாம் அடுக்களை நிலைப்படியிலேயே சாய்ந்து நின்று பழகிவிட்டார். இப்போதும் அங்கேதான் நிற்கிறார், பூண்டு உரிக்கிறார் போல, வாசனை வருகிறது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எதற்குப் பூண்டு என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை, கேட்டால் எழுந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்குப் புது இணையதளத்தைத் திறக்க வேண்டும். இதற்குப் போய் நல்ல நேரம் பார்ப்பார்களா என்று அவள் சிரித்ததற்கு, ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்கு முன்னால் செய்கிறதைச் செய் என்று திருமூர்த்தி அடம்பிடித்தார். ஆம்பூரில் இருக்கும் இம்தியாஸிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னால், அவர் ரொம்ப நல்லதாப் போச்சு அக்கா, எனக்கும் அதுக்கப்புறம் தொழுகை இருக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நல்ல பிள்ளை. பிள்ளை என்ன பிள்ளை, நாற்பது வயது, செருப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், வீட்டில் மூன்று பெண் குழந்தைகள், அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் இந்தத் தளத்தை முழுக்கக் கட்டியிருக்கிறார். ஆடியோ பைத்தியங்களின் குழு ஒன்றில்தான் பழக்கம். பெயரைச் சுருக்கிப் போட்டிருந்ததால் அவர் அவளை ஆறு மாதம் சார் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார், உண்மை தெரிந்த அன்றைக்கு வெட்கத்தில் ஒரு வாரம் குழுப் பக்கமே வரவில்லை. ராகத்தைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் அக்கா, சத்தத்தைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று கேட்டது அவர்தான். ஒரு பதிவை வாங்கி வந்து போட்டால் பாடுகிறவர் எதிரே நிற்கிறாரா, கிணற்றுக்குள் நிற்கிறாரா, மிருதங்கம் மிருதங்கமாகக் கேட்கிறதா, தகர டப்பாவாகக் கேட்கிறதா, அதைச் சொல்ல நமக்கு ஒரு இடம் வேண்டும். நாம் யார், நிபுணரா, இல்லை, காது இருக்கிறவர்கள், அவ்வளவுதான். காது இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தளத்துக்கு நடு நாற்காலி என்று பெயர் வைத்ததும் அவர்தான். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் அக்கா என்றார், எழுதினாள். அதன் முதல் வரி, எது சரியில்லை என்றாலும் முதலில் வயரைப் பாருங்கள். குழுவில் புதிதாக வந்து புலம்புகிற ஒவ்வொருத்தருக்கும் வருஷக்கணக்காக அவள் சொல்லி வந்த வரி அது. அந்தப் பக்கம் தயார். முதல் விமர்சனமும் தயார். அதுவும் தயார்தான், எழுதிப் போய் இம்தியாஸின் கையில் இருக்கிறது, இவள் ம் என்றால் அவர் ஒரு பொத்தானை அமுக்குவார், உலகம் முழுக்கத் தெரியும். உலகம் முழுக்க என்றால் இருநூறு பேர். இருந்தாலும் தெரியும்.

செல்வநாயகத்துக்குத் தெரியும். அங்கே வந்து நினைப்பு மாட்டிக்கொண்டது, காலையிலிருந்து அங்கேதான் மாட்டுகிறது, சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டுகிற மாதிரி. திருவாரூர்ப் பக்கம் கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவர் அவர். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நாகஸ்வரத்தைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, பந்தியில் இலை போடும் சத்தத்துக்கும் மைக்கில் கூப்பிடும் சத்தத்துக்கும் அடியில் அது நசுங்குவதையும் பார்த்துவிட்டு, ஒரு நாளாவது அதைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். நெல் வராத நாளில் ஒரு காலிக் கிடங்கைக் கேட்டு வாங்கி, நாகஸ்வரம் ஒருத்தர், தவில் ஒருத்தர், இரண்டே மைக். பென் டிரைவில் போட்டு அனுப்பிவிட்டு போனில் பேசினார். மரியாதையான குரல், கொஞ்சம் இழுத்துப் பேசுகிற குரல். நல்லா இருந்தா நல்லாயிருக்குன்னு எழுதுங்க மேடம், இல்லாட்டி இல்லன்னு எழுதுங்க, எங்க வீட்ல எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவாங்க, அடுத்த பதிவு பண்ணலாமா வேணாமான்னு உங்கள வச்சுத்தான் முடிவு பண்ணணும். அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி, எடுத்த எடுப்பில் நாகஸ்வரம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் கூடம் முழுக்கப் புகை மாதிரி பரவி, காதுக்குள் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு சங்கடம். தவிலுக்கு வயிறே இல்லை. கோல் விழுகிறது, டக் என்கிறது, அதோடு சரி. கிடங்குதான் காரணம் என்று எழுதினாள். நெல்லைத் தின்று பழகிய கிடங்கு தவிலையும் தின்றுவிட்டது. இந்த வரி வந்து விழுந்தபோது தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இம்தியாஸும் சிரித்துப் பாராட்டினார். எழுத்து என்றால் இதுதான் அக்கா என்றார். நல்ல வரிதான். நல்ல வரியாக இருக்கிறதே தவிர, அந்த ஆள் இதைப் படித்துவிட்டு மைக்கை எடுத்துப் பரண்மேல் போட்டுவிடுவாரே. போடட்டுமே, சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதச் சொன்னது அவர்தானே. சரியில்லைதானா. திரும்பவும் இங்கேதான் வந்து நிற்கிறது.

சரியில்லாதது பதிவா, இல்லை வேறெதுவுமா. அந்த வேறெதுவை அவள் முழுசாக நினைத்துப் பார்ப்பதில்லை, பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவாள். டெலிபோன் ஆபீஸில் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தவள் அவள். லைனைக் காதில் வைத்த உடனே, இது மழைத்தண்ணி இறங்கின இரைச்சல், இது இணைப்பு விட்டுப்போனது, இது அணில் கடித்தது என்று சொல்லிவிடுவாள், ஆள் அனுப்பிப் பார்த்தால் அணில்தான் கடித்திருக்கும். விருப்ப ஓய்வு வாங்கி வரும்போது பொன்னாடை போர்த்திய அதிகாரி, இந்த மேடத்தின் காதை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா என்றார், எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் காது. அவள் அம்மாவுக்கு ஐம்பதில் காது போனது. போனது என்றால் சட்டென்று போகவில்லை, அதுதான் கொடுமை. முதலில் குக்கர் விசில் போனது, பிறகு வாசலில் கூப்பிடுகிற குரல் போனது, பிறகு அம்மா எல்லாவற்றுக்கும் சிரிக்க ஆரம்பித்தாள். யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு. பக்கத்து வீட்டில் சாவு என்று சொன்னதற்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் கமலவேணிக்குப் பயம். அடுத்த ஆவணியில் இவளுக்கும் ஐம்பது. காலையில் எழுந்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாள், சரசர என்று கேட்கிறது, கேட்கிறதுதான், ஆனால் போன வருஷம் இதைவிடப் பெரிதாகக் கேட்டதோ. பொங்கலுக்கு முன்னால் கரூரில் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போய் வந்தாள் அல்லவா, திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடே பச்சை. இளம்பச்சை. அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து திருமூர்த்தி ஆள் பிடித்துச் சுண்ணாம்பு போய்ப் பெயிண்டே அடித்துவிட்டார். ஸ்பீக்கரையெல்லாம் கழற்றி, போர்வை போர்த்திப் பத்திரப்படுத்தி, திரும்ப அதே டேப் அடையாளத்தின் மேல் மயிரிழை பிசகாமல் நிறுத்தி, வயரைச் சுவரோரம் கிளிப் அடித்து அழகாக ஓட்டி, பாரு உன் கோயில, ஒரு செங்கல் நகரலன்னு சொல்லிக்கொண்டு நின்றார். அவருடைய மீசையில்கூடப் பச்சை இருந்தது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு தன் பழைய வீணைப் பதிவைப் போட்டாள், வரிக்கு வரி தெரிந்த பதிவு, வாசிக்கிறவர் மூச்சு விடுகிற இடம்கூடத் தெரியும். வீணை வெளிறிப்போய்க் கேட்டது. பாதியில் நிறுத்தினாள். அன்றைக்கு நிறுத்தியதுதான், அதற்குப் பிறகு வீணையையும் போடவில்லை, வேறு எதையும் போடவில்லை. செல்வநாயகத்தின் பதிவு வந்ததும் அதை மட்டும் போட்டாள், ஏனென்றால் அது முன்னே பின்னே தெரியாத பதிவு, அது வெளிறினால் அதன் தலையெழுத்து. எதிர்ச் சுவரில் ஆணியில் ஹெட்போன் தொங்குகிறது. எடுத்து மாட்டினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும், பதிவா காதா என்று. தெரிந்துவிடும் என்பதால்தான் தொங்குகிறது. பெருக்குகிறவர்கள் துடைக்க எடுத்தால்கூட அவளுக்குத் திக்கென்கிறது.

சரி, கேட்டுவிடுவோம் என்று ரிமோட்டை அமுக்கினாள். மல்லாரி புறப்பட்டது, அதே புகை, அதே டக். போன் கைக்குள் அதிர்ந்தது, இம்தியாஸ் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தார். நல்ல மனுஷன், அவசரப்படுத்த மாட்டார், கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்வார். பதிலுக்கு என்ன போடுவது. ம் என்று போட ஒரே ஒரு எழுத்துப் போதும். விரல் அந்த எழுத்தின் மேலே நின்றது. முதலில் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தாள். வெயில் கோடு பெருவிரலிலிருந்து நழுவியது. அடுக்களைக்குள் நுழைய வேண்டுமென்றால் வலது ஸ்பீக்கரை ஒட்டித்தான் போக வேண்டும், திருமூர்த்தி அங்கே நிலைப்படியில் சாய்ந்து, பூண்டு உரித்த கையால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏது தாளம் என்று சிரிப்பு வந்தது, சிரிப்போடு அவர் பக்கத்தில் போய் நின்றாள், நின்ற மாத்திரத்தில் தவில் வந்து அவள் வயிற்றில் இறங்கியது. கோல் விழுகிறது, தோல் உள்வாங்குகிறது, கும்மென்று ஒரு உருண்டை தரை வழியாகக் குதிகாலில் ஏறுகிறது. நாகஸ்வரம் இந்தா இங்கே, கை நீட்டினால் குழல் நுனியில் விரிந்த அணைசைத் தொடலாம் போல நிற்கிறது. அவள் தண்ணீரை மறந்தாள்.

திரும்பி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். தவில் காணாமல் போனது. எழுந்து ஸ்பீக்கர் அருகே வந்தாள், வந்துவிட்டது. திரும்பப் போனாள், போய்விட்டது. இடது ஸ்பீக்கரிடம் போய்க் குனிந்தாள், அங்கேயும் முழுத் தவில், குறையே இல்லை. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக வாசிக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால்தான் ஒன்றை ஒன்று விழுங்கிவிடுகின்றன. வீட்டிலேயே ஆகச் சிறந்த இடம் என்று அளந்து போட்ட இடத்தில்தான் ஆக மோசமாகக் கேட்கிறது. அவள் இப்படி அலைவதைப் பார்த்து, கம்மல் திருகாணி எதுவும் தொலைச்சிட்டியா என்று திருமூர்த்தி குனிந்து தரையைத் தேட ஆரம்பித்தார். அவள் பதில் சொல்லாமல் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். இடது ஸ்பீக்கரின் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வயரில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், அந்த இழை சிவப்புத் திருகில் போக வேண்டும், கோடில்லாதது கறுப்பில். இங்கே சிவப்புக் கோடு கறுப்புத் திருகில், நன்றாக, அழுத்தமாக, ஒர்க்‌ஷாப் கை முறுக்கிய முறுக்கில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, பொங்கலிலிருந்து. முதலில் வயரைப் பாருங்கள். ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் வீட்டில் பார்க்கவில்லை. புருஷன் மாட்டினால் சரியாக இருக்கும் என்று விட்டாளா, இல்லை, பார்க்க வேண்டும் என்றே தோன்றாத அளவுக்குப் பயந்து கிடந்தாளா. பயந்துதான் கிடந்தாள். அவளுக்கு முட்டிக்கால் போட்டபடியே சிரிப்பு வந்தது, சிரிப்பிலேயே கண்ணும் நிறைந்தது, புது பெயிண்ட் வாசனையை மூக்கு நிறைய இழுத்தாள். காது இருக்கிறது. அம்மா, எனக்குக் காது இருக்கிறது.

"என்ன வேணி, நான் தப்பா மாட்டிட்டனா?" என்று பின்னாலிருந்து கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

ஒன்றுமில்லை, லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ஒரு பக்கம் மாறியிருக்குங்க," என்றாள். அப்புறம் அவளை மீறி மற்றதும் வந்தது. "எனக்குத்தான் காது போயிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்கம்மா மாதிரி."

அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றார். "அன்னிக்கு வீணையப் போட்டப்ப இங்கதான் நின்னேன், எப்பவும் இருக்கிற மாதிரி இல்லையேன்னு எனக்கும் ஒரு இதுதான். அடுக்களையில நின்னு கேக்குறவனுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

மனுஷன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இத்தனை வருஷமும் நிலைப்படியில் சாய்ந்து, பூண்டு உரித்து, அரிசி களைந்து, டம்ளரைத் தட்டி, கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். இவள் கண்ணை மூடி நடுவில் உட்கார்ந்திருந்ததில் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எது கூடுதல் என்று பிரிக்க முடியவில்லை. திருகுகளைத் தளர்த்தினாள், இழைகளை மாற்றிச் செருகினாள், முறுக்கினாள், எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். பழக்க தோஷத்தில் நாற்காலியைப் பார்த்து நடந்தவள் பாதியில் நின்றாள். அங்கே உட்காருங்க என்றாள். யாரு நானா என்றார். பூண்டுக் கை என்றார். பூண்டு அதில் ஒட்டாது, உட்காருங்க என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கோயில் சப்பரத்தில் ஏற்றிவிட்ட மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அவள் போய் நிலைப்படியில் சாய்ந்தாள். அவர் முதுகு பட்டுப் பட்டு அந்த இடத்தில் மரம் வழவழப்பாக இருந்தது.

மல்லாரி புறப்பட்டது. இப்போது அது புறப்பட்டதுதான், கிடங்குக் கதவைத் திறந்துகொண்டு ஆளோடு வெளியே வந்தது. தவில் அதன் வயிற்றோடு வந்தது. கிடங்கு எதையும் தின்னவில்லை, வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பித் தந்தது. செல்வநாயகம் எந்த இடத்தில் மைக்கை வைத்திருப்பார் என்றுகூட அவளால் சொல்ல முடியும் போலிருந்தது. அந்த நல்ல வரி போயே போய்விட்டது, அதன் மேல் ஒரு துளி வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். போகட்டும். ஒரு மனுஷனுடைய மைக்கைப் பரண் ஏற்றுகிற அளவுக்கு எந்த வரியும் அழகில்லை. போனை எடுத்து இம்தியாஸைக் கூப்பிட்டாள், அந்த விமர்சனத்தை அழித்துவிடுங்கள், வேறு தருகிறேன், வயரைப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் மூன்று குழந்தைகளும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நீங்களா அக்கா, நீங்களேவா என்றார். நாலு மணி தாண்டப் போகிறது, ராகு காலம் வந்துவிடுமே என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். அப்ப ஆறு மணிக்கு மேலே வச்சுக்கலாம், நீங்க தொழுதுட்டு வாங்க என்றாள்.

நாற்காலியில் திருமூர்த்தியின் தலை அசைவதை நிறுத்தியிருந்தது. கண்ணைத் திறந்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தார், எதிர்ச் சுவரில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத பச்சைச் சுவரில், ஆள் நிற்கிற இடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல நின்னுல்ல வாசிக்கிறாரு," என்றார், அவளைத் திரும்பிப் பார்க்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன வருசமா இத நீ ஒத்தையிலயா கேட்டுட்டு இருந்த?"

லேப்டாப்பை அடுக்களை மேடையில், பூண்டுத் தோலை ஒதுக்கிவிட்டு வைத்துத் திறந்தாள். இங்கே நின்று கேட்டாலும் நன்றாகத்தான் இருந்தது, நாகஸ்வரம் ஒரு பக்கமாக வருகிறது, தவில் காலுக்கடியில் வருகிறது, இதுவும் ஒரு விதமாகக் கேட்பதுதான், இதையும் எழுத வேண்டும். இனி எந்தப் பதிவு வந்தாலும் நாற்காலியில் ஒருத்தர், நிலைப்படியில் ஒருத்தர், அப்புறம் இடம் மாற்றிக்கொள்வது. அங்கே ஒரு தனி ஆவர்த்தனம் ஆரம்பித்திருந்தது. எழுந்திருங்க, நானும் ஒரு தடவை கேட்டால்தானே எழுத முடியும் என்று கூப்பிட்டாள். இரு, தவில் முடியட்டும் என்றார். அவள் சிரித்துக்கொண்டு முதல் வரியை அடித்தாள். இந்தப் பதிவை எங்கள் வீட்டில் இரண்டு பேர் கேட்டோம்.